மாவு டப்பாவில் காது மெஷின்

ஆதெரால்டோவுக்குக் காது மெஷின் கிடைத்த நாளிலிருந்து அவர் மனைவி ஒடீலியாவால் வீட்டுக்குள் நிம்மதியாக முணுமுணுக்க முடியவில்லை.

வாலிப வயதில் மூச்சுக் காற்றுக்குக் கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு சிங்கி இறால் பிடிக்க ஆழத்துக்குப் போனவர் அவர். கூடப் போன இரண்டு பேருக்குக் கால் விளங்காமல் போனது, இவருக்குக் காது போனது. அதுவும் ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசி ஏழு வருஷமாக ஜூன் மாதத் திருவிழா வெடி மட்டும்தான் தெளிவாகக் கேட்டது. அந்த ஏழு வருஷத்தில் ஒடீலியா ஒரு சுகமான பழக்கம் பழகிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தபடியே அவரைப் பற்றி அவரிடமே குறை சொல்வாள். அவர் தலையாட்டிச் சிரிப்பார். அவர் கேட்டே ஆகவேண்டிய விஷயமென்றால் தொண்டை கிழியக் கத்தவேண்டும். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் எவிலாசியோ குடும்பம். அண்ணி நெய்டிக்குக் காது பாம்புக் காது, வாயோ ஊர் வாய். அதனால் ஒடீலியா வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பது தினமும் ஊருக்கே தெரியும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிவைத்து இரண்டரை வருஷம் காத்திருந்த பிறகு அந்த மெஷின் வந்தது. ஒரு முந்திரிப் பருப்பு அளவுதான் இருக்கும். அதோடு ஒரு சின்ன ஜாடியும் கொடுத்தார்கள். அதற்குள் ஈரம் குடிக்கும் ஆரஞ்சு நிற மணிகள். தண்ணீர் படக்கூடாது, வியர்வை படக்கூடாது, படுக்கும்போது பேட்டரிக் கதவைத் திறந்து ஜாடிக்குள் வைத்து மூடவேண்டும், மணிகள் வெளுத்துவிட்டால் புதிது கேட்டு வாங்கவேண்டும் என்று காது டாக்டரம்மா வரிசையாகச் சொன்னாள். கடலுக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்றாள். கடலில்தானே அவர் பாதி வாழ்க்கை இருக்கிறது என்று ஒடீலியா திருப்பிக் கேட்டாள்.

கடலுக்குக் கொண்டுபோ என்று அவரை நச்சரித்தவளும் ஒடீலியாதான். எவிலாசியோவும் அவரும் மட்டும் போகிற சின்னப் பாய்க் கட்டுமரம் அது. 'குனி' என்று எவிலாசியோ கத்தியது கேட்காமல் ஒருமுறை பாய்த்தடி சுழன்று வந்து அவர் புருவத்தைப் பிளந்தது. நாலு தையல். அடுத்த தடவை தையலோடு போகுமா என்பதுதான் அவள் கவலை.

அதனால் ஆதெரால்டோ ஒரு முறை கண்டுபிடித்தார். மெஷினைத் துணியில் சுற்றி கொய்யா ஜாம் பாட்டிலுக்குள் போட்டு, மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து முறுக்கிக் கட்டி, சாப்பாட்டு மரப்பெட்டிக்குள் வெல்லக்கட்டிக்குப் பக்கத்தில் வைப்பார். கரை அலைகளைத் தாண்டிக் கட்டுமரம் ஓடத் தொடங்கியபிறகு கையைத் துடைத்து, காதைத் துடைத்து, மாட்டிக்கொண்டு, தொப்பியின் துணி மடிப்பை அதன்மேல் இறக்கிவிடுவார். சாரல் அடித்தால் கழற்றிவிடுவார். அலை உடையும் இடத்தைத் தாண்டும்போது, போகையிலும் சரி வருகையிலும் சரி, மெஷின் பாட்டிலுக்குள்தான். புள்ளத்தாச்சி வயிற்றைப் பார்த்துக்கொள்வதுபோல மச்சான் அதைப் பார்த்துக்கொள்கிறார் என்று எவிலாசியோ கரையெல்லாம் சொல்லிச் சிரித்தான். பதினோரு வாரம் அதில் ஒரு சொட்டுக்கூடப் படவில்லை.

பன்னிரண்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம், மெஷின் காதில் இருக்கும்போதே கட்டுமரத்தின் மேல் ஒரு அலை உடைந்தது. தலையிலிருந்து உப்புத்தண்ணீர் வழிய அவர் கரையேறி வந்து அதை ஒடீலியாவின் உள்ளங்கையில் வைத்தார். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொன்னார். கட்டுமரத்தைத் தென்னந்தடிகள் மேல் உருட்டி ஏற்ற அவர் திரும்பிப் போகவேண்டியிருந்தது. ஜாடிக்குள் வை என்று கையைக் காட்டிவிட்டுப் போனார்.

ஒடீலியா ஓடினாள். ஜாடியைத் திறந்தால் மணிகள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன. அதற்கும் அவளேதான் காரணம். வீடு பெருக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து அந்த ஆரஞ்சு நிறத்தை வேடிக்கை பார்ப்பாள், சில நாள் மூட மறந்துவிடுவாள். கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து மணிகளுக்கு வயிறு நிறைந்துவிட்டது. நனைந்த மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தாள். அலமாரியில் மாவு டப்பா இருந்தது.

அந்தக் கரையில் ஈரத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த மருந்து மரவள்ளி மாவு. குழம்பு நீர்த்துப்போனால் மாவு, மீன்சாறு மிஞ்சினால் மாவு, கடலில் சாப்பாட்டின்மேல் அலை தெளித்தால் ஒரு பிடி மாவு. அதிலும் மீன்சாற்றில் மாவு தூவிக் கிண்டுகிற களிக்கு ஒடீலியாவை அடிக்க அந்தக் கரையில் ஆள் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பெரிய பானைச் சாற்றை நாலு பிடி மாவு குடித்துவிடுகிறதே, இந்த முந்திரிப் பருப்புக்குள் இருக்கிற தண்ணீரைக் குடிக்காதா என்று அவள் கணக்குப் போட்டாள். கணக்கு ஒன்றும் முட்டாள்தனம் இல்லை. மாவு ஈரத்தைக் குடித்தபிறகு என்ன ஆகும் என்பதை வேறு யார் மறந்தாலும் அவள் மறந்திருக்கக்கூடாது, அவ்வளவுதான். சலித்துச் சலித்துப் பவுடராக வைத்திருந்த நல்ல மாவுக்குள் மெஷினைப் புதைத்து மூடினாள். காய்கிறது, தொடாதே என்று அவரிடம் சைகை காட்டினாள். அது ஜாடிக்குள்தான் இருக்கிறது என்று நினைத்து அவரும் தொடவில்லை.

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை காலையில் அவர் எழுவதற்கு முன்னால் அதை எடுத்துப் பார்த்தபோது ஓட்டைகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. ஊசியால் குத்தினாள். மாவு இன்னும் உள்ளே போனது. முந்தானை இல்லாத ஊர், பாவாடை நுனியால் துடைத்து வைத்தாள். அவர் புதுப் பேட்டரி போட்டுக் காதில் மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். ஏதாவது பேசு என்று அர்த்தம். அவள் காபி ஆறுகிறது என்றாள். அவர் முகம் மாறவில்லை. இன்னொரு பேட்டரி போட்டார். அதற்குப் பிறகு அதைக் கழற்றித் துணியில் சுற்றி ஜாம் பாட்டிலுக்குள் வைத்து, எப்போதும்போல இறுக்கி மூடினார். செத்துப்போனதற்கு எதற்கு இந்தக் காவல் என்று ஒடீலியா நினைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் தன் முடிவைச் சொன்னார். காது கேட்காதவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாதல்லவா, தெருவே கேட்டது. "வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வேன் போகுதுல்ல, அதுல போய் இதத் திருப்பிக் குடுத்துடுறேன். நான்தான் கெடுத்தேன். அங்க நடையில என் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு உக்காந்திருந்துச்சு பாரு, அதுக்குக் குடுக்கட்டும். பாத்துக்கத் தெரியாதவனுக்கு இது எதுக்கு?"

அது அவர் காதுக்கு அளவெடுத்துச் செய்தது, வேறு யார் காதிலும் உட்காராது என்று அவள் கத்திப் பார்த்தாள். அவருக்கு அளவு என்ற சொல் மட்டும் கேட்டிருக்கும் போலிருக்கிறது. அளவில்லாமல் நடந்துகொண்டது என் தப்புதான் என்று அதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை அவள் அவருக்குத் தெரியாமல் பாட்டிலோடு பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். சாமாரா என்று ஒரு பெண் அங்கே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். கடற்கரைக்காரர்களின் நனைந்த போன்கள் பாதி அவள் கடையில்தான் கிடக்கும். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டி மெஷினைப் பார்த்தவள், அதை விளக்குக்குக் கீழே இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது.

"உப்புத் தண்ணின்னா பச்சையாப் பூத்திருக்கும்மா. இது வேற. இதுக்குள்ள யாரு களி கிண்டுனது?"

ஒடீலியா அழுதுவிட்டாள். சாமாரா நல்ல பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் கொடுத்தாள். பேட்டரிக் கதவு வழியாகப் பார்த்தவரை அவ்வளவாக அரிப்பு இல்லை, பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, ஆனால் இதைத் திறக்கும் கருவி தன்னிடம் இல்லை, ஆஸ்பத்திரி ஆட்களால்தான் முடியும் என்றாள். ஒன்றே ஒன்று, மாவு போனதை அவர்களிடம் மறைக்கக்கூடாது. கடலில் விழுந்தது என்று மட்டும் சொன்னால் திறந்தே பார்க்காமல் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

ஆக, சொல்லியே ஆகவேண்டும். டாக்டரம்மாவிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அந்த மனிதர் தான்தான் பாவி என்று தலையைக் குனிந்துகொண்டு நிற்க, அவருக்குத் தெரியாமல் அவள் மட்டும் தப்பித்துக்கொள்வதா? அது அவளுக்கு ஒப்பவில்லை. முதலில் அவரிடம்தான் சொல்லவேண்டும். எழுதிக் காட்டலாமென்றால் அவருக்கு எழுத்து வராது. கத்திச் சொல்லலாமென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் நெய்டி. களிக்காரி ஒடீலியா புருஷன் காதில் களி கிண்டினாள் என்று ஒருமுறை வெளியே போனால், அவள் சவப்பெட்டியைத் தூக்கும்போதுகூட அதைச் சொல்லித்தான் சிரிப்பார்கள். மணல்மேட்டுக்குக் கூட்டிப்போகலாமென்றால் அங்கே நாளெல்லாம் சுற்றுலாக்காரர்களின் வண்டி.

சைகையில் சொல்லிப் பார்த்தாள். மாவு டப்பாவைக் காட்டினாள், காதைக் காட்டினாள், தன் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அவர் கவனமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டி வெளியே போனார். அரைமணி நேரம் கழித்து இரண்டு கிலோ மாவோடு திரும்பி வந்தார். "இதுக்குப் போயி ஏன் நெஞ்சுல அடிச்சுக்குற? தீந்துபோச்சுன்னா வாங்கியாறேன்" என்றார். அவர் அவளிடம் அவ்வளவு பிரியமாகப் பேசியது, அடித்திருந்தால் வலித்திருப்பதைவிட அவளுக்கு அதிகமாக வலித்தது.

புதன்கிழமை விடியலில் எவிலாசியோவுக்குப் பல்வலி வந்தது. வரச்சொன்னவள் தங்கைதான். காரணம் கேட்காதே, கேட்டால் இந்த ஜென்மத்தில் உனக்குக் களி கிடையாது என்று மிரட்டியிருந்தாள். ஆதெரால்டோ கட்டுமரத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்று தலையைச் சொறிந்துகொண்டிருக்க, ஒடீலியா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள். அந்தக் கரையில் பெண்கள் கடலுக்குப் போவதில்லை. அவளோ குளத்துத் தோணியில் ஏறினாலே வாந்தி எடுப்பவள். கரையில் இருந்த அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். நெய்டி இடுப்பில் கைவைத்து, நாத்தனாருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள். ஆதெரால்டோ மனைவியின் முகத்தைப் பார்த்தார். கரையில் நின்றவர்களிடம் தடிகளை எடுத்துப்போடச் சொல்லிக் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளினார்.

கரைக்காற்று பாயைப் பிடித்தது. அலை உடையும் இடத்தில் அவள் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தெரிந்த புனிதர்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். அதைத் தாண்டி வெகுதூரம் போகும்வரை அவள் நிறுத்தச் சொல்லவில்லை. கரையில் நிற்பவர்கள் எறும்பளவு ஆனதும் கையைத் தூக்கினாள். அவர் நங்கூரத்தைப் போட்டார். அவள் முதலில் வாந்தி எடுத்தாள். பிறகு வாயைக் கழுவிக்கொண்டு தவழ்ந்து வந்து அவர் நல்ல காதுப் பக்கம், நல்லது என்று சொல்லமுடியாது, கொஞ்சம் தேவலாம் என்கிற காதுப் பக்கம் வாயை வைத்தாள்.

"யோவ், அத நீ கெடுக்கல. நான்தான் கெடுத்தேன்."

"என்னது?"

"மாவு டப்பாவுல போட்டேன்யா. மணி எல்லாம் வெளுத்துப்போச்சு, அதுவும் என்னாலதான். ஈரத்தக் குடிக்கும்னு மாவுல போட்டேன். உள்ள போயி களியாயிருச்சு. சாமாரா பாத்துச் சொல்லிட்டா."

இந்தப் பேச்சை அவள் நாலு தடவை கத்தவேண்டியிருந்தது. நாலாவது தடவை அவருக்குப் புரிந்தது. அவர் கடலைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தும் அந்த முகம் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"மொத்த கரைக்கும் களி கிண்டிப் போட்டது போதாதுன்னு," என்று ஆரம்பித்தவரால் முடிக்க முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. கட்டுமரம் ஆடியது. ஆட்டாதேயா என்று அவள் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அழுதுகொண்டே தானும் சிரித்தாள். நாளைக்கு நானும் வேனில் வருகிறேன், டாக்டரம்மாவிடம் மாவைப் பற்றி நானே சொல்கிறேன், நீ திருப்பிக் கொடுக்காதே, பிழைக்க வாய்ப்பு இருக்கிறது, ரிப்பேர் செய்யச் சொல் என்று கத்தினாள்.

அவர் சிரிப்பு நின்றது. தலையை ஆட்டினார். "அலையில நனைய விட்டது நான்தானே. அது உன் தப்பு இல்ல. பாத்துக்கத் தெரியாதவன்தான் நான்."

"மறந்துட்டேன்னு சொன்னியே. மனுசன் மறக்குறதுதான்."

"மறக்கல."

அவள் அவரைப் பார்த்தாள். பதினோரு வாரம் துணி, பாட்டில், பை, பெட்டி என்று பூட்டிப் பூட்டி வைத்த மனிதர். சின்னச் சாரலுக்கே கழற்றுகிறவர்.

"தெரிஞ்சுதான் கழட்டல," என்றார் ஆதெரால்டோ. கடலைப் பார்த்தே சொன்னார். "ஏழு வருசமாப் பாக்குறேன். மரம் கரைக்கு வரும்போது நீ தண்ணிக்குள்ள முட்டி வரைக்கும் வந்து நின்னு என்னமோ சொல்லுவ. உன் வாய் அசையிறது தெரியும். மரத்த விட்டு நான் எறங்குறதுக்குள்ள வாய மூடிக்குவ. மெஷினு வந்தா அது என்னன்னு கேட்டுறலாம்னு இருந்தேன். அலைக்குப் பயந்து பயந்து பாட்டில்லயே வச்சுட்டேன். அன்னிக்குத்தான், போனாப் போகுது, ஒரு நாள் கேட்டுறலாம்னு காதுலயே வச்சுட்டேன். நீ வாயத் தொறந்த. அலை வந்துருச்சு."

காலுக்குக் கீழே கடல் இருந்ததே ஒடீலியாவுக்கு மறந்துபோயிற்று.

"என்ன ஒடீலி சொல்லுவ? திட்டுவியா?"

திட்டுவேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பாதி உண்மையும்தான். ஆனால் கரையில் தன் குற்றத்தைச் சொல்ல முடியாமல்தானே இவ்வளவு தூரம் வந்தாள், இனி எதை மறைப்பது என்று தோன்றியிருக்கவேண்டும்.

"தல எண்ணுவேன்யா," என்று அவர் காதில் கத்தினாள். "தூரத்துல மரம் தெரிஞ்சதும் எண்ண ஆரம்பிச்சுருவேன். ஒண்ணு, ரெண்டு. ரெண்டு தலையும் இருக்கு. ஒண்ணு என்னோடது. அதத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். நீ எறங்குற வரைக்கும் சொல்லுவேன்."

அவர் இந்தத் தடவை என்னது என்று கேட்கவில்லை. ஈரக் கையால் முகத்தைத் துடைத்தார். ஏற்கெனவே ஈரமாக இருந்த முகம்தான், துடைத்துப் பிரயோசனமில்லை.

"இது கத்திச் சொல்ற பேச்சு இல்ல," என்றார் கடைசியில். "மெதுவாச் சொல்லி நான் கேக்கணும். நாளைக்கு அந்த டாக்டரம்மா கால்ல விழுந்தாவது ரிப்பேர் பண்ணிக் குடுங்கன்னு கேப்பேன். நீ மாவ ஒத்துக்க, நான் அலைய ஒத்துக்குறேன். எத்தன மாசம் ஆனாலும் உக்காந்து வாங்கிட்டுத்தான் வருவேன்."

அவர் நங்கூரத்தை இழுக்க எழுந்தார். அன்றைக்கு ஒரு மீனும் பிடிக்கவில்லை என்பது இருவருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. கடற்காற்று எழுந்ததும் கரைக்குத் திரும்பினார்கள். அலை உடையும் இடம் நெருங்கியபோது தண்ணீரோரம் நெய்டியும் இன்னும் சிலரும் நின்று அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒடீலியா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பினாள். சுக்கானைப் பிடித்து நின்ற அவரைப் பார்த்து, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே, ஒண்ணு என்னோடது என்று மெல்லச் சொன்னாள். அவர் அலையைப் பார்க்காமல் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் தொப்பலாக நனைந்துதான் கரை சேர்ந்தார்கள்.